கேவிஎம்மில் பூட், ஓ3-இல் அளவீடு: செக்பாயின்டை எந்த இடத்தில் எடுப்பது?

ஓசூர்ப்பயணி:

வணக்கம். பெங்களூரில் எம்.டெக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எல்2 கேஷுக்கான ஒரு ப்ரீஃபெட்சர்தான் ப்ராஜெக்ட், அதாவது ப்ராசஸர் கேட்கும் முன்பே தரவைக் கேஷுக்குக் கொண்டுவரும் பகுதி. கம்ப்யூட்டரையே மென்பொருளில் ஓட்டிப் பார்க்கும் ஜெம்5 சிமுலேட்டரில் எக்ஸ்86 ஃபுல் சிஸ்டம் (ஓஎஸ்ஸோடு சேர்த்து), நான்கு கோர், ஓ3 மாடல் (ப்ராசஸரை உள்விவரங்களோடு காட்டும் சிபியு மாடல்), கிளாசிக் கேஷ் (ஜெம்5-இன் எளிய கேஷ் மாடல்), 8 எம்பி எல்3. ஓட்டிப் பார்ப்பது கேப் என்ற கிராஃப் பெஞ்ச்மார்க் தொகுப்பின் பிஎஃப்எஸ் (கிராஃபை நிலை நிலையாகத் தேடுவது), பேஜ்ரேங்க் (முனைகளுக்கு மதிப்புப் போடுவது) இரண்டும்.

இப்போதைய முறை இதுதான். சர்வரின் நிஜப் ப்ராசஸரிலேயே நேராக ஓட்டும் லினக்ஸ் வசதியான கேவிஎம்மில் உபுண்டுவை பூட் செய்து, லாகின் வந்ததும் செக்பாயின்ட் எடுத்துவிடுகிறேன், அதாவது அந்த நிலையை அப்படியே கோப்பில் சேமிக்கிறேன். பிறகு அதையே ஓ3-இல் ரீஸ்டோர் செய்து, பிஎஃப்எஸ்ஸைத் தொடங்கி, முதல் 5 கோடி இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு ஸ்டாட்ஸ் எடுக்கிறேன். ப்ரீஃபெட்சரைப் போட்டால் ஐபிசி (சைக்கிளுக்கு எத்தனை இன்ஸ்ட்ரக்‌ஷன்) எக்கச்சக்கமாக ஏறுகிறது. கைடு வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "கிராஃப் வேலைக்கு இவ்வளவு வராதே, எதை அளக்கிறாய் என்று முதலில் பார்" என்றார்.

பூட் முடிந்த இடத்தில் எடுத்த செக்பாயின்ட் போதாதா? கேவிஎம் இவ்வளவு வேகமாக இருக்கும்போது செக்பாயின்டே எதற்கு, நேராக ஓ3-க்கு மாறிக்கொள்ளலாமே என்றும் தோன்றுகிறது. இன்னொன்று, மழைக்காலம் வந்தால் லேபில் கரன்ட் அடிக்கடி போகிறது. யுபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். ஓ3 ரன் பாதியில் நின்றால் முதலிலிருந்து ஓட்ட வேண்டியிருக்கிறது. இதற்கும் செக்பாயின்ட் உதவுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


அல்சூர்வாசி:

உங்கள் கைடு சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார். அந்த முதல் 5 கோடியில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். ஷெல் ஃபோர்க் செய்கிறது, டைனமிக் லிங்கர் லைப்ரரிகளை ஏற்றுகிறது, அப்புறம் கிராஃபைக் கட்டும் வேலை தொடங்குகிறது. விளிம்புகளை உருவாக்கி வரிசையாக மெமரியில் எழுதும் கட்டம் அது. பிஎஃப்எஸ் இன்னும் ஆரம்பமே ஆகவில்லை. வரிசையாக எழுதும் லூப்பில் எந்த ப்ரீஃபெட்சரும் ஜொலிக்கும்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம், மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. ஓ3 போன்ற விரிவான மாடல் நொடிக்கு ஒன்றிரண்டு லட்சம் இன்ஸ்ட்ரக்‌ஷன் என்ற அளவில்தான் ஓடும். 3 கிகாஹெர்ட்ஸ் கோர் ஒன்று, சைக்கிளுக்கு ஒரு இன்ஸ்ட்ரக்‌ஷன் வீதம், ஒரு வினாடியில் முடிப்பது 300 கோடி. நொடிக்கு லட்சம் என்ற வேகத்தில் அதற்கு 30,000 வினாடி, அதாவது எட்டு மணி நேரத்துக்கும் மேல். லட்சம் கோடி இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓடும் ஒரு பெஞ்ச்மார்க் என்றால் 115 நாள். ஆகவே பெரும்பகுதியை வேகமாகக் கடந்து, தேவையான துண்டை மட்டும் விரிவாக ஓட்டுவதைத் தவிர வழியில்லை. இது பழைய யோசனைதான். 1990-களில் ஸ்டான்ஃபோர்டின் சிம்ஓஎஸ், ஐரிக்ஸ் இயங்குதளத்தையே தன்மேல் பூட் செய்தது. எம்ப்ரா என்ற பைனரி ட்ரான்ஸ்லேஷன் மாடலில் வேகமாக ஓடி, வேண்டிய இடம் வந்ததும் விரிவான மாடலுக்கு மாறும். அந்தக் குழுவின் மெண்டல் ரோசன்ப்ளம் 1998-இல் விஎம்வேரைத் தொடங்கியவர்களில் ஒருவர். இன்று நீங்கள் கேவிஎம்மில் ஓடி ஓ3-க்கு மாறுவது அதே பரம்பரையில் வந்தது.

செக்பாயின்டை இரண்டு அடுக்காக வைத்துக்கொள்ளுங்கள். பூட் முடிந்ததும் ஒன்று. அது எல்லா பெஞ்ச்மார்க்குக்கும் பொது, லேபில் எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம். அதிலிருந்து மறுபடியும் கேவிஎம்மிலேயே ரீஸ்டோர் செய்து, கிராஃப் கட்டி முடித்து, அல்காரிதம் தொடங்கும் வரியில் இரண்டாவதை எடுங்கள். நாம் அளக்கப்போகும் பகுதியின் வாசல் அதுதான். ஆர்ஓஐ என்று சொல்வது அந்தப் பகுதியைத்தான். கேப் தொகுப்பில் கட்டுவதும் தேடுவதும் தனித்தனி ஃபங்ஷன்களாக இருப்பதால், தேடும் ஃபங்ஷனை அழைக்கும் இடத்துக்கு முன்னால் ப்ரோக்ராமிலிருந்து ஜெம்5-க்குச் சேதி சொல்ல உதவும் எம்5 லைப்ரரியின் வொர்க்பிகின் அழைப்பை வைத்தால் போதும்.

இதில் ஒரு பள்ளம் உண்டு. எம்5 அழைப்புகள் சாதாரணமாக ஒரு சிறப்பு இன்ஸ்ட்ரக்‌ஷனாக மாறுகின்றன. சிமுலேட்டருக்கு அது புரியும். கேவிஎம்மில் கெஸ்ட் (உள்ளே ஓடும் உபுண்டு) ஓடுவது ஹோஸ்டின் (உங்கள் சர்வரின்) நிஜப் ப்ராசஸரில், அதற்கு அப்படி ஒரு ஆப்கோடே கிடையாது. "இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்" என்று ப்ரோக்ராம் விழுந்துவிடும். அதனால் மெமரி முகவரி வழியாக அழைக்கும் வடிவத்தைப் பயன்படுத்துங்கள். எக்ஸ்86-க்கு அந்த முகவரி 0எக்ஸ்எஃப்எஃப்எஃப்எஃப்0000. ப்ரோக்ராமின் தொடக்கத்தில் அதை மேப் செய்ய வேண்டும், அதற்கு ரூட் அனுமதி தேவைப்படும்.

"கேவிஎம் வேகம், செக்பாயின்ட் எதற்கு" என்ற கேள்வி ரொம்ப நல்ல கேள்வி. பலர் வேகத்துக்காகத்தான் செக்பாயின்ட் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கேவிஎம் ஓட்டம் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்காது. ஹோஸ்டில் எந்த நேரத்தில் எந்த இன்டரப்ட் வந்தது என்பதைப் பொறுத்து கெஸ்டின் நிலை சற்றே மாறும். நான்கு கோர் என்றால் நான்கும் தனித்தனி ஹோஸ்ட் த்ரெட்டில் ஓடுகின்றன, இன்னும் மோசம். ப்ரீஃபெட்சர் இல்லாத ரன்னும் இருக்கிற ரன்னும் வெவ்வேறு நிலையிலிருந்து கிளம்பினால், கிடைத்த வித்தியாசம் ப்ரீஃபெட்சரால் வந்ததா, கிளம்பிய இடத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது. எல்லா அமைப்பும் ஒரே புள்ளியிலிருந்து கிளம்ப வேண்டும், அதற்குத்தான் செக்பாயின்ட்.


கேஷ்லைன்:

மேலே சொன்னதோடு நான் சேர்ப்பது, செக்பாயின்டுக்குள் என்ன இல்லை என்பது.

கோப்புறையைத் திறந்து பாருங்கள். எம்5.சிபிடி என்ற டெக்ஸ்ட் கோப்பு இருக்கும், சாதாரண எடிட்டரிலேயே படிக்கலாம். ஒவ்வொரு கோரின் ரெஜிஸ்டர்கள், டைமர், இன்டரப்ட் கன்ட்ரோலர், டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாம் பிரிவு பிரிவாக எழுதப்பட்டிருக்கும். பக்கத்தில் மெமரி முழுவதும் ஜிஸிப் செய்த கோப்பாக இருக்கும். எடுப்பதற்கு முன் ஜெம்5 எல்லாவற்றையும் வடிக்கிறது, ட்ரெய்ன் என்பார்கள். பாதி வழியில் இருக்கும் மெமரி ரிக்வெஸ்டுகள் எல்லாம் முடியும்வரை ஓட்டி, பைப்லைன் காலியானதும்தான் எழுதும். கிளாசிக் கேஷில் மாறிய வரிகள் மெமரிக்குத் திருப்பி எழுதப்படும். கேஷின் உள்ளடக்கம் பதிவாகாது. ரீஸ்டோர் ஆனதும் மூன்று நிலைக் கேஷும் காலி.

உங்கள் விஷயத்தில் அதற்கு முன்பும் காலிதான், ஏனென்றால் கேவிஎம்மில் ஓடும்போது ஜெம்5-இன் கேஷ், டிஎல்பி (முகவரி மாற்றங்களை நினைவில் வைப்பது), ப்ரான்ச் ப்ரெடிக்டர் (நிரல் எந்தக் கிளையில் போகும் என்று கணிப்பது) எதுவும் ஒரு அணுகலைக்கூடப் பார்ப்பதில்லை. இந்த விலையைக் கொடுத்துத்தான் அந்த வேகத்தை வாங்குகிறோம்.

ஜெம்5-இன் இன்னொரு கேஷ் மாடலான ரூபிக்கு மாறினால் கதை கொஞ்சம் வேறு. அங்கே செக்பாயின்ட் எடுக்கும்போது கேஷில் உள்ள வரிகள் ஒரு ட்ரேஸாகப் பதிவாகி, ரீஸ்டோரின்போது அந்த ட்ரேஸை மறுபடி ஓட்டிக் கேஷைச் சூடாக்கும் வசதி உண்டு. ஆனால் கோர்களின் கேஷ்கள் முரண்படாமல் காக்கும் கோஹரன்ஸ் ப்ரோட்டோகாலில் ஃப்ளஷ் ஆதரவு இருக்க வேண்டும். பல காலமாக இதற்கு எல்லோரும் எடுத்துக்கொண்டது மோஸி ஹாமர் என்ற ப்ரோட்டோகால். கேவிஎம்மிலிருந்து எடுத்த செக்பாயின்டுக்கு இதனாலும் பயனில்லை, பதிவு செய்ய எதுவும் கேஷில் இருக்காது.

கோர் எண்ணிக்கையும் மெமரி அளவும் எடுத்தபோது இருந்ததுபோலவே ரீஸ்டோரிலும் இருக்க வேண்டும். சிபியு மாடல், கேஷ் அளவு, ப்ரீஃபெட்சர் இவற்றைத் தாராளமாக மாற்றலாம்.


கிளைக்கணிப்பு:

ஓசூர்ப்பயணி, உங்கள் வரைபடம் வீங்கியதற்கு இரண்டாவது காரணத்தை கேஷ்லைன் மேலே தொட்டுவிட்டார். அதை விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளாமல் வெளியாகும் முடிவுகளைப் பார்க்கும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

காலிக் கேஷில் முதல் தடவை தொடும் ஒவ்வொரு வரியும் மிஸ், அதாவது கேஷில் கிடைக்காது. நிஜத்தில் அந்த வரிகளில் பெரும்பாலானவை ஏற்கெனவே எல்3-இல் இருந்திருக்கும். இல்லாத மிஸ்களை உருவாக்கிவிட்டு, அவற்றை ப்ரீஃபெட்சர் தீர்த்துவைக்கிறது என்று நாம் கணக்கெழுதுகிறோம். ஆதாயம் மிகைப்படும். இதே காலிக் கேஷில் ஒருவர் ரீப்ளேஸ்மென்ட் பாலிசியை (நிரம்பிய கேஷில் எந்த வரியை வெளியேற்றுவது என்பதை) ஆராய்ந்தால் நேர் எதிராக நடக்கும். கேஷ் நிரம்பும்வரை யாரையும் வெளியேற்றத் தேவையில்லை, ஆகவே எல்லாப் பாலிசியும் ஒன்றுபோலத் தெரியும். நல்ல யோசனையைக்கூட பயனில்லை என்று தூக்கிப் போட்டுவிடுவார். குளிர்ந்த கேஷினால் வரும் பிழை எந்தப் பக்கம் சாயும் என்பது எதை அளக்கிறோம் என்பதைப் பொறுத்தது. "இரண்டு பக்கமும் குளிர்ச்சிதானே, ஒப்பீட்டில் கழிந்துவிடும்" என்ற வாதம் அதனால்தான் செல்லாது.

அளக்குமுன் கேஷைச் சூடாக்கும் வார்ம்அப் எவ்வளவு வேண்டும்? உங்கள் 8 எம்பி எல்3-இல் 64 பைட் வரிகள் 1,31,072. ஆயிரம் இன்ஸ்ட்ரக்‌ஷனுக்கு 10 எல்3 மிஸ் என்று வைத்தால் அதை ஒருமுறை நிரப்பவே சுமார் 1.3 கோடி இன்ஸ்ட்ரக்‌ஷன் ஓட வேண்டும். ஆயிரத்துக்கு ஒன்றுதான் என்றால் 13 கோடி. ஓ3-இல் நொடிக்கு லட்சம் வீதம் 13 கோடிக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகும். அட்டாமிக் என்ற எளிய, வேகமான சிபியு மாடலில் கேஷை இணைத்து ஓட்டினால் பல மடங்கு சீக்கிரம் முடியும். ஆகவே ஆர்ஓஐ செக்பாயின்டை அட்டாமிக்கில் ரீஸ்டோர் செய்து கேஷை நிரப்புங்கள், பிறகு ஓ3-க்கு மாறுங்கள். கேஷ் அப்படியே கைமாறும். ப்ரெடிக்டரும் ப்ரீஃபெட்சரின் அட்டவணைகளும் பழக ஓ3-இலேயே இன்னும் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, ஸ்டாட்ஸை ரீசெட் செய்து, அதன்பிறகு அளக்கத் தொடங்குங்கள்.

போதுமா என்று தெரிந்துகொள்ள எளிய சோதனை: வார்ம்அப்பை இரட்டிப்பாக்கி, அளக்கும் பகுதியை அதே இடத்தில் வைத்து, மறுபடி ஓட்டுங்கள். முடிவு நகர்ந்தால் போதவில்லை. இன்னும் கறாரான வழியை உப்சாலா பல்கலைக்கழகத்தார் 2015-இல் காட்டினார்கள். இன்னும் நிரம்பாத கேஷ் செட்டுகளில் வரும் மிஸ்களை ஒருமுறை மிஸ்ஸாகவே எடுத்துக்கொண்டும், இன்னொருமுறை ஹிட் ஆகியிருக்கும் என்று கொண்டும் ஓட்டினால் மேல் எல்லை, கீழ் எல்லை இரண்டும் கிடைக்கும். இரண்டுக்கும் இடைவெளி சின்னதாக இருந்தால் வார்ம்அப் போதும். ஜெம்5-இல் கேவிஎம்மை வைத்து மாதிரிகளுக்கு இடையே தாவி, ஃபோர்க் மூலம் மாதிரிகளை இணையாக ஓட்டும் முறையும் அதே ஆய்வில் வந்ததுதான்.


சில்க்போர்டு:

எல்லாம் சரி, ஆனால் அடிப்படைக் கேள்வியை யாரும் கேட்கவில்லையே. ஒரு எம்.டெக் ப்ராஜெக்டுக்கு ஃபுல் சிஸ்டம் எதற்கு? ப்ரீஃபெட்சர் என்றால் சாம்ப்சிம் என்ற சிமுலேட்டர் இருக்கிறது. 2019-இல் நடந்த மூன்றாவது டேட்டா ப்ரீஃபெட்சிங் போட்டியே அதில்தான் நடந்தது. ட்ரேஸைக் (முன்பே பதிவு செய்த இன்ஸ்ட்ரக்‌ஷன் வரிசையை) கொடுத்து, வார்ம்அப் எவ்வளவு, அளவீடு எவ்வளவு என்று இரண்டு எண்ணைச் சொன்னால் ஓடும். பூட் இல்லை, டிஸ்க் இமேஜ் இல்லை, கேவிஎம் தகராறு இல்லை. இரண்டு செமஸ்டரில் பாதியை உபுண்டு பூட் ஆவதைப் பார்த்துக் கழிப்பதைவிட, யோசனையில் நேரம் செலவழிக்கலாம்.


கேஷ்லைன்:

சில்க்போர்டு, ஒற்றை கோர், ஒற்றை த்ரெட் என்றால் நானும் அதைத்தான் சொல்வேன். முதல் சுற்று வடிகட்டலை சாம்ப்சிம்மில் செய்வது புத்திசாலித்தனமும்கூட. ஆனால் இவர் ஓட்டுவது நான்கு த்ரெட் கிராஃப் வேலை. எந்த த்ரெட் எந்த முனையை எடுக்கும் என்பது ஓடும்போது, யார் முந்தினார் என்பதைப் பொறுத்துத் தீர்மானமாகிறது. ட்ரேஸில் அது முன்பே உறைந்துவிட்டது. ப்ரீஃபெட்சர் ஒரு த்ரெட்டை வேகப்படுத்தினால் மற்றவற்றின் பங்கு மாறவேண்டும், ட்ரேஸில் மாறாது.

இன்னொன்று, எல்2 ப்ரீஃபெட்சர் பார்ப்பது நிஜ மெமரியின் ஃபிசிக்கல் முகவரியை, ப்ரோக்ராம் பார்க்கும் வர்ச்சுவல் முகவரியை அல்ல. ப்ரோக்ராமை மட்டும் ஓட்டும் ஜெம்5-இன் எஸ்இ மோடில் ஓஎஸ் இல்லாததால், பக்கங்கள் தொட்ட வரிசையிலேயே அடுத்தடுத்து ஒதுக்கப்படுகின்றன. வர்ச்சுவலில் பக்கத்தில் இருப்பது ஃபிசிக்கலிலும் பக்கத்தில் இருக்கும். பக்க எல்லையைத் தாண்டும் ப்ரீஃபெட்சருக்கு இது விருந்து. நிஜ லினக்ஸில் அப்படிக் கிடைக்காது. பேஜ் வாக் (பக்க அட்டவணையில் முகவரியைத் தேடுவது), ஹ்யூஜ் பேஜ் (பெரிய அளவுப் பக்கம்) விவகாரமெல்லாம் ஃபுல் சிஸ்டத்தில்தான் ஒழுங்காகத் தெரியும். கிராஃப் வேலைகளில் டிஎல்பி மிஸ் சும்மா ஒதுக்கிவிடக்கூடிய அளவில் இருக்காது.

ஃபுல் சிஸ்டத்திலும் கவனம் வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இப்போதுதான் பூட் ஆன கெர்னலில் மெமரி துண்டுபடாமல் சுத்தமாக இருக்கும். மாதக்கணக்கில் ஓடும் சர்வரில் அப்படி இருக்காது. செக்பாயின்ட் எடுக்குமுன் மெமரியைப் பிடித்து விடுவிக்கும் ஒரு சின்ன ப்ரோக்ராமைக் கேவிஎம்மில் கொஞ்சநேரம் ஓடவிட்டு இதையும் ஒரு மாறியாகப் பார்க்கலாம். செலவு ஒன்றுமில்லை.


சில்க்போர்டு:

ஃபிசிக்கல் பக்க வரிசை பற்றிய வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன், கனமான வாதம். முதல் சுற்றை ட்ரேஸில் செய்யச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.


வைட்ஃபீல்டு_ரூட்:

செக்பாயின்ட் பற்றிப் பேசும்போது டிஸ்க் இமேஜை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வாரக்கணக்கில் ஆளைத் திண்டாட வைப்பது அதுதான்.

ஜெம்5 டிஸ்க் இமேஜில் நேரடியாக எழுதாது. கெஸ்ட் எழுதுவதெல்லாம் காப்பி-ஆன்-ரைட் அடுக்கில் தனியாக நிற்கும், செக்பாயின்டில் அந்த அடுக்கு மட்டும் பதிவாகும். அடிப்படை இமேஜ் பதிவாவதில்லை, அதே கோப்பு அதே நிலையில் இருக்கும் என்று நம்பி ரீஸ்டோர் ஆகும். அதற்கிடையில் நீங்கள் இமேஜை மவுன்ட் செய்து பிஎஃப்எஸ் பைனரியைப் புதிதாக கம்பைல் செய்து போட்டால் என்ன ஆகும்? கெர்னலின் மெமரியில் இருப்பது பழைய ஐநோடு, பழைய டைரக்டரி, பழைய பேஜ் கேஷ். டிஸ்கில் இருப்பது புதியது. சில சமயம் ஃபைல்சிஸ்டம் எர்ரர் வரும், அது நல்லது, உடனே தெரிந்துவிடும். சில சமயம் ஒன்றுமே சொல்லாமல் பழைய பைனரி ஓடும். புதிய ஃப்ளாகோடு கம்பைல் செய்ததை அளந்தோம் என்று நினைத்துக்கொண்டு பழையதை அளந்திருப்போம்.

ஆகவே செக்பாயின்ட் எடுத்த நிமிடமே இமேஜை ரீட்-ஒன்லி ஆக்கிவிடுங்கள். பைனரியை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமென்றால் அதை இமேஜில் வைக்காதீர்கள். எம்5 ரீட்ஃபைல் ஹோஸ்டிலிருந்து எந்தக் கோப்பையும் கெஸ்டுக்குள் கொண்டுவரும். பூட் செக்பாயின்டுக்குப் பின் கெஸ்ட் ஸ்க்ரிப்ட் செய்யும் முதல் வேலை ரீட்ஃபைலைக் கூப்பிடுவதாக இருக்கட்டும். ஜெம்5-இன் பூட் கோப்புறையிலேயே ஹாக்-பேக் செக்பாயின்ட் என்று ஒரு ஸ்க்ரிப்ட் இருக்கிறது, அது செய்வது இதைத்தான்: பூட் ஆனதும் செக்பாயின்ட் எடுத்து, ரீஸ்டோர் ஆனதும் புதிய ஸ்க்ரிப்டை வாங்கி ஓட்டும். ஒரே பூட், எத்தனை பெஞ்ச்மார்க் வேண்டுமானாலும்.

ஜெம்5 பதிப்பு மாறினாலும் பழைய செக்பாயின்ட் ஏற மறுக்கலாம். மாற்றித் தர ஒரு சிபிடி அப்கிரேடர் ஸ்க்ரிப்ட் கூடவே வருகிறது. இருந்தாலும் ப்ராஜெக்ட் முடியும்வரை ஒரே கமிட்டில் நின்றுகொள்வது நிம்மதி.


ஓசூர்ப்பயணி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. ஆர்ஓஐ செக்பாயின்டை நேற்று எடுத்துவிட்டேன். முகவரி வழி அழைப்பு இல்லாமல் வந்திருந்தால் இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷனிலேயே நின்றிருப்பேன், அல்சூர்வாசி அண்ணாவுக்குத் தனி நன்றி. கரன்ட் கேள்விக்கு யாராவது பதில் சொல்லுங்களேன். ஓ3 ரன் நடுவே செக்பாயின்ட் எடுத்துத் தொடரலாமா?


கேஷ்லைன்:

எடுக்கலாம், ஆனால் தொடர்ந்த ரன்னும் தொடராத ரன்னும் ஒன்றல்ல. ட்ரெய்ன் பைப்லைனைக் காலியாக்கும், ரீஸ்டோரில் கேஷ் காலி. அளக்கும் பகுதிக்கு நடுவே இது நடந்தால் அந்த ரன்னின் எண்ணைப் பயன்படுத்தக் கூடாது.

சிமுலேட்டர் ப்ராசஸையே அப்படியே உறைய வைக்கும் கருவிகள் உண்டு. டிஎம்டிசிபி, கிரியு இரண்டும் லினக்ஸில் அதைச் செய்கின்றன. அதில் ஜெம்5-இன் கேஷ், ப்ரெடிக்டர், ஈவென்ட் க்யூ எல்லாம் ஹோஸ்ட் மெமரியாகவே பதிவாவதால் எதுவும் இழக்காது. கேவிஎம் திறந்திருக்கும் ரன்னுக்கு இது ஒத்துவராது, ஓ3 மட்டும் ஓடும் கட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் என் அபிப்பிராயம், ஒரே நீள ரன்னாக ஓட்டுவதையே விட்டுவிடுங்கள். ஆர்ஓஐக்குள் பல இடங்களில் செக்பாயின்ட் எடுத்து, ஒவ்வொன்றையும் அரைமணி, ஒருமணியில் முடியும் சின்ன ரன்னாக்கினால், கரன்ட் போனால் போகட்டும், ஓடிக்கொண்டிருந்த சில துண்டுகள் மட்டும்தான் போகும். லேபின் எல்லாக் கோர்களும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.


கிளைக்கணிப்பு:

அந்த இடங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதற்கு இருபது ஆண்டுக்கும் மேலான இலக்கியம் இருக்கிறது. இரண்டு சிந்தனை மரபுகள். 2002-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் சான் டியேகோவிலிருந்து வந்த சிம்பாயின்ட், ப்ரோக்ராமைச் சம இடைவெளிகளாக வெட்டி, ஒவ்வொரு இடைவெளியிலும் எந்த பேசிக் ப்ளாக் (நடுவே கிளை பிரியாத நிரல் துண்டு) எத்தனை முறை ஓடியது என்று எண்ணி, கே-மீன்ஸ் மூலம் ஒத்தவற்றைச் சேர்த்து, கூட்டத்துக்கு ஒரு பிரதிநிதியை எடுக்கும். 2003-இல் கார்னகி மெலனிலிருந்து வந்த ஸ்மார்ட்ஸ், புள்ளியியல் வழி. சுமார் ஆயிரம் இன்ஸ்ட்ரக்‌ஷன் நீளத்தில் ஆயிரக்கணக்கான குட்டி மாதிரிகள், இடையில் ஓடும் தூரம் முழுக்கக் கேஷையும் ப்ரெடிக்டரையும் விடாமல் பழக்கிக்கொண்டே போவது. பிழை எவ்வளவு என்பதற்கு ஒரு நம்பிக்கை இடைவெளி கிடைக்கும், அதனால் எனக்கு இதுதான் பிடிக்கும். கேவிஎம்மில் தாவினால் அந்த விடாத பழக்கம் கிடைக்காது, ஒவ்வொரு மாதிரிக்கும் முன்னால் தனியாக வார்ம்அப் கொடுத்தாக வேண்டும்.

உங்களுக்கு நான்கு த்ரெட் என்பதால் இன்ஸ்ட்ரக்‌ஷன் எண்ணிக்கையை வைத்து இடத்தைக் குறிக்காதீர்கள். பேரியரில் (எல்லா த்ரெட்டும் வந்துசேர வேண்டிய இடத்தில்) காத்திருக்கும் த்ரெட் ஸ்பின் லூப்பில் சும்மா சுற்றினாலும் இன்ஸ்ட்ரக்‌ஷன் ஏறும். 2014-இன் பேரியர்பாயின்ட் முறை பேரியர்களையும், 2022-இன் லூப்பாயின்ட் முறை லூப் சுற்றுகளையும் அளவுகோலாக எடுத்துக்கொள்வது இதனால்தான். பேஜ்ரேங்கில் ஒவ்வொரு சுற்றும் இயற்கையான எல்லை. பிஎஃப்எஸ்ஸில் ஒவ்வொரு நிலையும் அப்படியே, ஆனால் நடு நிலைகள் பெருத்தும் ஓரங்கள் சிறுத்தும் இருக்கும், எல்லாவற்றிலிருந்தும் மாதிரி எடுங்கள்.

இதே காரணத்தால் ஐபிசியையும் நம்பாதீர்கள். சுற்றிக்கொண்டிருக்கும் த்ரெட்டின் ஐபிசி மிக அழகாக இருக்கும். ஒரு சுற்று முடிய எத்தனை சிமுலேட்டட் வினாடி, அல்லது வினாடிக்கு எத்தனை விளிம்பு கடந்தது, இதைப் போடுங்கள்.


ரிஸ்க்ஃபைவ்_மாணவி:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், ஒரு கிளைக் கேள்வி. எங்கள் லேபில் ரிஸ்க்-ஃபைவ், எக்ஸ்86 போல இன்னொரு இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு. ஐஐடி மெட்ராஸின் சக்தி ப்ராசஸரைப் பார்த்து ஆர்வம் வந்து தொடங்கியது. சர்வரெல்லாம் எக்ஸ்86, கேவிஎம்முக்கு வழியில்லை. அட்டாமிக்கில் உபுண்டு பூட் ஆவதற்குள் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம் போலிருக்கிறது. வேறு வழி உண்டா?


அல்சூர்வாசி:

கேவிஎம்முக்குக் கெஸ்டும் ஹோஸ்டும் ஒரே ஐஎஸ்ஏ (இன்ஸ்ட்ரக்‌ஷன் தொகுப்பு) ஆக இருக்க வேண்டும், ஆகவே அந்தக் கதவு மூடியதுதான். பூட் வேலையையே குறையுங்கள். உபுண்டுவில் கெர்னல் எழுவது சீக்கிரம் முடிந்துவிடும், நேரத்தைத் தின்பது சிஸ்டம்டி எழுப்பும் சேவைகள். பில்ட்ரூட்டில் (சின்ன லினக்ஸ் இமேஜ் கட்டும் கருவி) பிஸிபாக்ஸ் (அடிப்படைக் கட்டளைகளின் தொகுப்பு) மட்டும் வைத்து, பெஞ்ச்மார்க்கை ஸ்டாட்டிக்காக லிங்க் செய்தால் மிகக் குறைந்துவிடும். அட்டாமிக்கில் கேஷ் இல்லாமல் ஓட்டுங்கள். நொடிக்கு 20 லட்சம் என்று வைத்துக்கொண்டாலும் ஆயிரம் கோடி இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். லேபுக்கே ஒருமுறை செய்தால் போதுமே.

அதைவிடப் பெரிய வேலைச்சுமைக்கு, செக்பாயின்டை வேறு வேகமான எமுலேட்டரில் எடுத்து இங்கே கொண்டுவரும் வழி இருக்கிறது. சீன அறிவியல் கழகத்தின் ஷியாங்ஷான் குழு, தங்கள் நெமு எமுலேட்டரில் ரிஸ்க்-ஃபைவ் செக்பாயின்ட் எடுக்கிறது. மெமரி பிம்பத்தோடு ஒரு சின்ன மீட்பு நிரலையும் சேர்த்து வைக்கிறார்கள். சிமுலேட்டர் அந்த நிரலிலிருந்து ஓடத் தொடங்கும். அது சாதாரண ரிஸ்க்-ஃபைவ் இன்ஸ்ட்ரக்‌ஷன்களாலேயே எல்லா ரெஜிஸ்டரையும் சிஎஸ்ஆரையும் (கட்டுப்பாட்டு ரெஜிஸ்டர்களையும்) பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, எம்ரெட் இன்ஸ்ட்ரக்‌ஷன் மூலம் நின்ற இடத்துக்குத் தாவும். இதில் எனக்குப் பிடித்தது, வாங்கும் பக்கத்துக்கு எந்தச் சிறப்பு அறிவும் தேவையில்லை என்பது. அதே பிம்பத்தை ஜெம்5-இலும் ஓட்டலாம், ப்ராசஸரின் வன்பொருள் வடிவமைப்பையே ஓட்டும் ஆர்டிஎல் சிமுலேஷனிலும் ஓட்டலாம். எஸ்பெரான்டோ நிறுவனத்தின் ட்ரொமாஹோ எமுலேட்டரும் இதே முறைதான், பூட் ரோமில் மீட்பு நிரலை எழுதிவிடும். டிவைஸ் நிலை மட்டும் இந்த முறையில் கஷ்டம். டிஸ்க், நெட்வொர்க் வேலை நடக்கும் நடுவே எடுக்காதீர்கள். எல்லாம் மெமரியில் இருக்கும் கணக்கு வேலைக்கு நன்றாகப் பொருந்தும்.


ஓசூர்ப்பயணி:

முதல் முடிவுகள் வந்துவிட்டன. ஆர்ஓஐ செக்பாயின்ட், அட்டாமிக்கில் வார்ம்அப், பிறகு ஓ3. வார்ம்அப்பை இரட்டித்தும் பார்த்தேன். பேஜ்ரேங்கில் எண் அசையவில்லை, பிஎஃப்எஸ்ஸில் இன்னும் கொஞ்சம் நகர்கிறது, இன்னொரு மடங்கு கூட்டப் போகிறேன். ஆதாயம் முன்பு தெரிந்ததில் சிறு பங்குதான், ஆனால் பேஜ்ரேங்கில் உண்மையாகவே இருக்கிறது. கைடு பார்த்துவிட்டு, "இதை நம்புகிறேன்" என்றார்.

ஒரு சந்தேகம். ஒரே செக்பாயின்டிலிருந்து இரண்டு முறை ஓட்டினால் கடைசி இலக்கம்வரை ஒரே எண். அப்படியென்றால் ஒரு ரன் போதும்தானே?


கிளைக்கணிப்பு:

போதாது. சிமுலேட்டர் மாறாமல் ஒரே பாதையில் போகிறது என்பதுதான் அதற்கு அர்த்தம். பல த்ரெட் வேலையில் ஒரு மெமரி அணுகல் சில நானோவினாடி தள்ளிப்போனால் லாக் வேறொருவர் கைக்குப் போகும், அதிலிருந்து முழுப் பாதையும் மாறும். விஸ்கான்சினின் அலமெல்தீன், வுட் இருவரும் 2003-இல் இதைக் காட்டினார்கள். இரண்டு வடிவமைப்பை ஒவ்வொரு ரன்னோடு ஒப்பிட்டால் தவறான பக்கத்தையே வெற்றியாளர் என்று சொல்லிவிட வாய்ப்புண்டு. அவர்கள் சொன்ன மருந்து எளிது: மெமரி லேட்டன்ஸியில் சின்னதாக ஒரு ரேண்டம் எண்ணைச் சேர்த்து, ஒரே செக்பாயின்டிலிருந்து பல ரன் ஓட்டி, சராசரியும் நம்பிக்கை இடைவெளியும் போடுவது. ஜெம்5-இல் மெமரி கன்ட்ரோலரின் நிலையான தாமத அளவுருவை ஒவ்வொரு ரன்னிலும் துளி மாற்றினாலே போதும். ப்ரீஃபெட்சர் உள்ள ரன்களுக்கும் இல்லாத ரன்களுக்கும் அதே மாற்றங்களைக் கொடுங்கள்.


ஓசூர்ப்பயணி:

புரிந்தது. பேஜ்ரேங்கில் தொடங்குகிறேன், பிஎஃப்எஸ் வார்ம்அப் தீர்ந்ததும் அதற்கும். மாணவி, பிஸிபாக்ஸ் இமேஜுக்கான என் பில்ட்ரூட் அமைப்புக் கோப்பு எக்ஸ்86-க்கானது, ஆர்கிடெக்சர் வரியை மாற்றினால் பெரும்பாலும் உங்களுக்கும் ஓடும். இன்று இரவு இங்கேயே போடுகிறேன்.


வைட்ஃபீல்டு_ரூட்:

போடும்போது ஜெம்5 கமிட், கெர்னல் பதிப்பு, இமேஜின் எம்டி5 (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) மூன்றையும் கூடவே எழுதுங்கள். செக்பாயின்ட் கோப்புறைக்குள்ளும் அதே மூன்றையும் ஒரு டெக்ஸ்ட் கோப்பில் வைத்துவிடுங்கள்.